மூச்சிரைக்கும் லேப்டாப்

என் வீட்டுக்காரர் விட்டுப்போன சொத்து மூன்று: ஒரு ஸ்கூட்டர், ஒரு லேப்டாப், ஒரு மாமியார். ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். மற்ற இரண்டும் என்னோடுதான் இருக்கின்றன. இரண்டுக்கும் வயதாகிவிட்டது, இரண்டும் நான் சொல்வதைக் கேட்பதில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே வீட்டில் நானும் அத்தையும் அந்த மெஷினும்தான்.

ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது அவர் தொழில். கரையில் ஓடும் அன்னம், உடலில் விழும் புட்டா, முந்தானை, எல்லாவற்றையும் கணினியில் கட்டம் கட்டமாக நிரப்பி வரைய வேண்டும். அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். அட்டை தறிக்கு மேலே ஏறும். எந்த இழையைத் தூக்க வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்பதை அதுதான் தறிக்குச் சொல்லும். ஒரு கட்டம் தவறினால் மயிலுக்குக் கண் இருக்காது. அவர் இருக்கும்போதே பாதி வேலையை நான்தான் செய்தேன். பெயர் அவருக்கு, கழுத்துவலி எனக்கு. அவர் போன பிறகு வேலை முழுதும் என்னிடம் வந்தது. டிசைன் போடும் மென்பொருள் அந்த ஒரு லேப்டாப்பில்தான் ஓடும். விற்றவர் கடையை மூடிக்கொண்டு எங்கோ போய்விட்டார். அது செத்தால் எங்கள் பிழைப்பும் செத்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவருக்கு மூச்சிரைப்பு. சின்ன வயதிலிருந்தே இருந்ததாம். கல்யாணத்துக்கு முன் யாரும் சொல்லவில்லை, அது தனிக்கதை. கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் கட்டில் போட்டோம். அத்தை தார் சுற்றும் ராட்டையையும் அங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். பட்டு நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கும் வேலை அது. மகனுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே சுற்றுவார். மூச்சு ஏறி, இழுத்து, ஒரு இடத்தில் நிற்கும்போது ராட்டையும் நிற்கும். மூச்சு திரும்ப வந்தால் ராட்டையும் சுற்றும். நான் உள்ளே வேலை செய்துகொண்டே இந்த இரண்டு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு மத்தியானம் நான் சமையலறையில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தேன். அத்தை கூப்பிட்டார். கரண்டியோடு ஓடினேன். முடிந்துவிட்டிருந்தது.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எப்படிப் போனார், வலித்ததா, கண் திறந்திருந்ததா, என்னைத் தேடினாரா, ஒன்றும் தெரியாது. அத்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்தில் இல்லையே என்று குற்ற உணர்ச்சியில் கேட்காமல் இருந்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கஞ்சியை வேறு யார் கிளறுவது? எனக்கு இருந்தது பொறாமை. அந்தக் கடைசி நிமிடம் என் புருஷனுடையது. அதை அவர் அம்மா எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டு எனக்கு ஒரு துளியும் தரவில்லை. கேட்டு வாங்க எனக்கும் வாய் வரவில்லை. இரண்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தோம்.

லேப்டாப்பை நான் முன்னறையில்தான் வைத்திருந்தேன். கட்டில் இருந்த இடத்தில் மேசை போட்டேன். வேறு இடத்தில் வெளிச்சம் போதாது. அத்தையின் ராட்டை மட்டும் நகரவே இல்லை.

முதலில் சூடுதான் ஆரம்பித்தது. அடிப்பக்கம் தோசைக்கல் போலக் காய்ந்தது. பிறகு உள்ளே இருக்கிற காற்றாடி கத்த ஆரம்பித்தது. முதலில் மெல்லிய விசில். பிறகு அது ஏறும், கரகரக்கும், எதையோ இழுத்துக்கொண்டு சுற்றுவதுபோல் இரைக்கும். சட்டென்று எல்லாம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு உள்ளிருந்து ஒரு பெருமூச்சு, ஒரு மணிச் சத்தம், தானாகவே எழுந்துவிடும். எதுவும் நடக்காததுபோல் கடவுச்சொல் கேட்கும். நான் சேமிக்காமல் விட்ட கட்டமெல்லாம் போயிருக்கும்.

இதையெல்லாம் நான் சமையலறையில் இருந்துதான் கேட்டேன். முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த தட்டு நழுவிக் கீழே விழுந்தது. நேராகவே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த இரைப்பு எனக்குத் தெரிந்த இரைப்பு. ஏறுகிற விதம், கரகரக்கிற விதம், நிற்கிற இடம், எல்லாம் அவருடையது. முன்னறைக்கு ஓடினேன். அத்தை ராட்டையை நிறுத்திவிட்டு லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஆச்சு அத்த?"

"நின்னுச்சு. அப்பறம் வந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப்டாப் பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. கொண்டுபோனேன். கடைக்காரர் பேச்சுக்கு ஒரு குறையும் இல்லாதவர். வாங்கிப் பார்த்த உடனே பேட்டரி என்றார், பிறகு மதர்போர்டு என்றார், பிறகு விண்டோஸ் என்றார். மூன்றையும் மாற்றினால் புது லேப்டாப்பே வந்துவிடும் தம்பி, முதலில் திறந்து பாருங்கள் என்று நான் கத்திய பிறகுதான் திருப்புளியை எடுத்தார்.

திறந்ததும் அவருக்கே பேச்சு வரவில்லை. காற்றாடியைச் சுற்றிக் கம்பளி மாதிரி ஒரு பொதி. இடுக்கியால் பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. மயில்பச்சை, அரக்கு, மஞ்சள், கத்திரிப்பூ நிறம், எல்லாம் கலந்த பட்டுப் பிசிறு. இரண்டு வருஷமாக அத்தை சுற்றிய நூலின் தூசு. அதோடு சாம்பிராணிப் புகை படிந்து பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. ஓரத்தில் குங்குமம், காய்ந்த சந்தனம். ஆயுத பூஜைக்குத் தறிக்கும் ராட்டைக்கும் பொட்டு வைக்கிற கையோடு அத்தை லேப்டாப்புக்கும் வைப்பார். எங்கே வைப்பது என்று தெரியாமல், காற்று வெளியே வருகிற ஓட்டை வரிசையில் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணியும் காட்டுவார்.

"அக்கா, உள்ள ஒரு புடவையே நெய்ஞ்சி வச்சிகிறீங்க. பார்டர்தான் பாக்கி" என்றார் கடைக்காரர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு ஏதாவது செய்கிறீர்களா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இருந்தது. நான் மேசையை விட்டு எழுந்தால் அத்தை ஒரு துணியை எடுத்து லேப்டாப்பின் மேல் போர்த்திவிடுவார். தறிக்காரர் வீட்டுப் பழக்கம் அது. பட்டு ஏறிய தறியைத் திறந்து போட்டுவிட்டு யாரும் எழுந்து போக மாட்டார்கள். சாப்பிடப் போனாலும் நெய்த துணியின் மேல் ஒரு வேட்டித் துணியைப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். தறியில் இருப்பதும் வேலை, லேப்டாப்பில் இருப்பதும் வேலை என்று அத்தை இதற்கும் போர்த்தினார். ஓடிக்கொண்டிருக்கிற மெஷின் என்பது அவருக்குக் கணக்கில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நானும் அதே ஊரில் பிறந்தவள்தான்.

சுத்தம் செய்து, சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவி, மூடிக் கொடுத்தார். துணி போட்டு மூடக் கூடாது, மெத்தை மேல் வைக்கக் கூடாது, புகை காட்டக் கூடாது என்று மூன்று கூடாது சொன்னார். வீட்டுக்கு வந்து அதை அத்தையிடம் நான்கு தடவை சொன்னேன். சாம்பிராணியைக் கையிலிருந்து பிடுங்கி வாசலில் வைத்தேன். அத்தை ராட்டைக்குப் போய்விட்டார்.

பிறகு சில நாள் லேப்டாப் சத்தமே இல்லாமல் ஓடியது. எனக்கு நிம்மதி. ஒரு கல்யாண ஆர்டருக்கு முந்தானை போட்டுக்கொண்டிருந்தேன், வேலை வேகமாக நகர்ந்தது. அத்தைக்குத்தான் முகம் வாடிவிட்டது. ராட்டையைச் சுற்றுவார், நிறுத்துவார், லேப்டாப் பக்கம் தலையைச் சாய்ப்பார், திரும்பச் சுற்றுவார்.

"இன்னாமா, அதுக்குப் பேச்சு மூச்சே இல்ல?" என்று ஒருநாள் கேட்டார்.

"நல்லா ஆயிடுச்சு அத்த."

"நல்லாதான் ஆயிடுச்சா" என்றார், நம்பாமல்.

அந்த வாரத்திலேயே அது திரும்ப ஆரம்பித்தது. பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து இரைப்பு ஏறியது. கரகரவென்று இழுத்தது. நின்றது. ஈரக் கையோடு நான் ஓடி வருவதற்குள் மணிச் சத்தம் கேட்டு, எழுந்துவிட்டிருந்தது.

கடைக்காரருக்கு போன் போட்டுத் திட்டினேன். அவர் கரண்டைக் குறை சொன்னார். பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓடுகிறது, அது ஓட ஆரம்பிக்கும்போது எங்கள் வீட்டு விளக்கு மங்குவது உண்மைதான். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தேன். பவர்லூம் ஓடாத ஞாயிற்றுக்கிழமை அது மறுபடி நின்று எழுந்தது. சார்ஜரை மாற்றினேன். போனில் வீடியோ பார்த்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு நேராகக் கரண்டில் ஓட்டினேன். தேவையில்லாத புரோகிராம்களை எல்லாம் அழித்தேன். அடியில் நான்கு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுத்து உயர்த்தி வைத்தேன். எதற்கும் அது மசியவில்லை.

இதில் ஒன்றை நான் கவனித்தேன். நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அது ஒருமுறை கூட நிற்கவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். புடவை முழுதையும் துணிபோல் காட்டுகிற கனமான வேலையைக் கொடுத்துப் பார்த்தேன். சமர்த்தாக ஓடியது. சமையலறைக்கோ பின்கட்டுக்கோ போனால்தான் இரைப்பு வரும். அதுவும் அத்தை முன்னறையில் இருக்கும்போது மட்டும்.

முதலில் பயந்தேன். பிறகு கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால், செத்துப்போனவர் மேல்தான். வருகிறவர் எனக்கு வரக் கூடாதா? உங்கள் மெஷினைக் கட்டிக்கொண்டு, உங்கள் அம்மாவையும் கட்டிக்கொண்டு கிடப்பவள் நான். வந்து மூச்சு விட்டுக் காட்டுவது மட்டும் அம்மாவுக்கா? அன்றும் அப்படித்தானே செய்தீர்கள். யாரும் இல்லாதபோது திரையைப் பார்த்து இப்படி வாய்விட்டே கேட்டிருக்கிறேன். நம்பிக்கை இல்லை என்று மேலே எழுதியவளும் நான்தான். இரண்டும் உண்மை.

ஒருநாள் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை வரை போன பிறகு போனை மறந்தது தெரிந்து திரும்பி வந்தேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. திறந்தேன்.

லேப்டாப்பின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. பக்கவாட்டு ஓட்டைகளில் துண்டின் நுனியை நன்றாகத் திணித்து அடைத்திருந்தது. என் வீட்டுக்காரருடைய துண்டு, கட்டம் போட்டது. காற்றாடி உள்ளே கத்திக்கொண்டிருந்தது. அத்தை ராட்டையை விட்டு எழுந்து வந்து, மேசைக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் துண்டின் மேல் வைத்திருந்தார். கண் மூடியிருந்தது.

நான் கத்தினேன். எழுதக் கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. துண்டை இழுத்து எறிந்தேன். நீங்கள்தானா, இத்தனை நாளும் நீங்கள்தானா, இது போனால் நாளைக்குச் சோற்றுக்கு எங்கே போவது, என்னைப் பைத்தியமாக்கிவிட்டீர்களே என்று கத்தினேன். அக்கம்பக்கம் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் இருந்தது.

அத்தை துண்டை எடுத்து உதறினார். மடித்துக்கொண்டே, "நின்னுப் போயிட்டு திரும்ப வருதும்மா. நின்னது திரும்ப வருது. அத கேக்கறதுக்குத்தான்" என்றார்.

போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், எதை வாங்கப் போனேன் என்பதே மறந்து சும்மா திரும்பி வந்தேன். அன்றிலிருந்து துண்டு கொடியில் தொங்கியது. லேப்டாப் நிற்கவில்லை. நாங்களும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். கல்யாண முந்தானை முடிந்து, அட்டை அடிக்கப் போய்விட்டது.

ஆடி வெள்ளிக்கு அத்தை தெருப் பெண்களோடு படவேடு அம்மன் கோயிலுக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்கள், வேலை இருக்கிறது என்றேன். பொய். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். பவர்லூம் கூட ஓடவில்லை. செய்ததையெல்லாம் ஒரு பென்டிரைவில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். கொடியிலிருந்து துண்டை எடுத்து வந்தேன். அத்தை போர்த்தியதுபோலவே போர்த்தி, நுனியை ஓட்டைகளில் திணித்தேன். பிறகு ராட்டைக்குப் பக்கத்தில், அத்தை உட்காரும் பலகையில் உட்கார்ந்தேன்.

அத்தைக்கு வேண்டியது திரும்ப வருகிற சத்தம். எனக்கு அது வேண்டாம். நிற்கிறதை நான் ஒருமுறை கேட்க வேண்டும். கஞ்சி கிளறிக்கொண்டிருந்தவளுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

விசில் வந்தது. ஏறியது. கரகரத்தது. எழுந்து போய்த் துண்டை எடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது, உட்கார்ந்தபடியே இருந்தேன். இரைப்பு உச்சத்துக்குப் போய் அங்கேயே இழுத்துக்கொண்டிருந்தது. போதும், போங்கள் என்று என் வாய் சொன்னது. அவர் படுத்திருந்த நாட்களில் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததுதான், சத்தமாக ஒருநாளும் சொன்னதில்லை. சட்டென்று நின்றது.

அந்த அமைதியில் நான் பயப்படவில்லை. அழுதேன். அவர் போன அன்று கூட்டத்துக்கு நடுவில் அழுததெல்லாம் அழுகையே இல்லை என்று தெரியும் அளவுக்கு அழுதேன். நடுவில் மெஷின் பெருமூச்சு விட்டு எழுந்து மணி அடித்தது. எழுந்து போய் அணைத்துவிட்டேன்.

அத்தை வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. நெற்றி நிறையக் குங்குமம், கையில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். துண்டு இன்னும் அதன் மேல் கிடந்தது. நேராகப் போய் லேப்டாப்பின் மேல் கை வைத்தார். சூடு ஆறியிருக்காது.

"மூடினியா?"

"மூடினேன்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு அத்த."

அத்தை எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். எலுமிச்சம்பழத்தை மடியில் போட்டுக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டினாலும் நியாயம்தான்.

"அன்னிக்கும் அவ்ளோதாம்மா" என்றார். "இழுத்துகினு இருந்தான். அப்பறம் நின்னுச்சு. வலி கிலி ஒண்ணும் இல்ல. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு."

நான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒங்கிட்ட சொல்லியிருக்கணும். எனக்கு மனசு வரல." மடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை உருட்டினார். "நான் இந்தப் பக்கம் கைய புடிச்சிகினு உக்காந்துகினு கீறேன். பெத்தவ. கண்ணு, கண்ணு, இங்க பாருன்னு கூப்புடறேன். அவன் கைய உட்டுட்டு, தலைய அந்தாண்ட திருப்பிகினான். அப்புடியேதான் போனான். எனக்கு ஆத்தரம்மா. செத்தவன் மேல ஆத்தரப்படலாமா? பட்டேன். அதான் ஒங்கிட்ட சொல்லல."

எந்தப் பக்கம் திருப்பினார் என்று கேட்டேன்.

அத்தை கையைத் தூக்கி, சமையலறையைக் காட்டினார்.